பழைய உடுப்பைத் தைச்சுத் திருத்த மினக்கெடுறது பிரயோசனமா, தைக்கத் தெரியாத ஆள் எங்க தொடங்குறது?

கேள்வியில ரெண்டு விசயம் கேட்டிருக்கிறீங்கள். வீட்டில குமிஞ்சு கிடக்கிற பழைய உடுப்புகளைத் தைச்சுத் திருத்திறதால உண்மையிலயே பிரயோசனம் இருக்கா, இல்லாட்டி மலிவா வாற ரெடிமேட்டை வாங்கிப் போட்டிட்டு இருக்கலாமா எண்டது ஒண்டு. தையலே தெரியாத ஆள் எங்க தொடங்கலாம் எண்டது மற்றது. நான் விசுவமடுப் பக்கம், வீட்டில இருந்து தைக்கிற ஆள், கடை போட் எண்டு ஒண்டும் இல்லை, அக்கம்பக்கத்துச் சனம் பையில கொண்டுவந்து தரும், புதுத் துணியை விட பழசுதான் கூட வரும். அதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

பிரயோசனம்தான், ஆனா எல்லா உடுப்புக்கும் மினக்கெடக் கூடாது. ஊசி எடுக்க முதல் துணியை வெயிலுக்கு நேர பிடிச்சுப் பாருங்கோ. எங்க வெளிச்சம் கூட ஊடுருவி வருதோ அந்த இடம் மெலிஞ்சு போச்சு எண்டு அர்த்தம். பிறகு ரெண்டு பெருவிரலையும் பக்கத்தில பக்கத்தில ஊண்டி மெல்ல விரிச்சு இழுத்துப் பாருங்கோ, சர் எண்டு ஒரு சின்னச் சத்தம் கேட்டால் அந்த இடம் முடிஞ்சுது, அதில என்ன தைச்சாலும் ஊசி குத்தின ஓட்டையில இருந்தே திரும்பக் கிழியும். உடுப்பு ஒரே சீரா பழுதாகிறதில்லை பாருங்கோ. சேட் எண்டால் கொலர், முழங்கை, கக்கம். களுசான் எண்டால் தொடை ரெண்டும் உரசுற இடம், பின்பக்கம், பொக்கற் வாய். சீலை எண்டால் கீழ்க்கரையும் இடுப்பில சொருகுற இடமும், முந்தானைப் பக்கம் கனகாலம் புதுசு மாதிரியே கிடக்கும். ஆக எந்த இடம் போச்சு, எந்த இடம் இன்னும் தாங்கும் எண்டு பாத்தீங்களெண்டால் திருத்திறதா, வெட்டி வேற தைக்கிறதா, அடுப்படிக்குத் துடைக்க விடுறதா எண்டது தானா விளங்கும்.

எங்கட ஊர்ச் சனத்துக்கு இதை நான் சொல்லித்தான் தெரியவேணும் எண்டில்லை. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை இருக்கேக்க மண்ணெண்ணெய், சவுக்காரம், பற்றறி எல்லாம் தங்கம், 95 இலயும் 96 இலயும் இடம்பெயர்ந்து வன்னிக்குள்ள வந்த ஆக்கள் கொண்டுவந்த உடுப்போடதான் கனகாலம் காலந்தள்ளினவை. சவுக்காரம் இல்லாம பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்ச்ச கதை பெரியாக்களிட்டக் கேட்டுப் பாருங்கோ, தோய்ச்சுக் கொடியில போட்டால் அந்த வாசத்துக்கு மாடு வந்து சேட்டைச் சப்பிப்போட்டுப் போயிடுமாம். அம்மா அப்பிடி மாடு சப்பின சேட்டின்ர கீழ்ப்பக்கத்தை வெட்டிப்போட்டு அதையே தம்பிக்கு அரைக்கைச் சேட்டா தைச்சவா. 2002 இல ஏ9 பாதை திறந்த பிறகுதான் விதம்விதமான துணி ஊருக்குள்ள வரத் தொடங்கினது. அந்தக் காலம் திரும்ப வேணும் எண்டு நான் சொல்லேல்ல, வரவே கூடாது. ஆனா அந்த ஆக்களின்ர கைவேலையை இல்லாமையோட சேத்துக் குப்பையில போடத் தேவையில்லை எண்டு நினைக்கிறன்.

சரி, தொடங்கிறது. மிசின் தேவையில்லை. ஊசி, நூல், ஒரு நல்ல கத்தரிக்கோல், தையல் பிரிக்க ஒரு பழைய பிளேட், அளவுநாடா, மினுக்கல்பெட்டி, காணும். எனக்குத் தைக்கவே வராது எண்டு சொல்லுற எத்தினையோ ஆம்பிளையள் சூடடிப்பு வரமுதல் உரப்பையளைப் பிரிச்சு சாக்கூசியால பொருத்திப் படங்கு தைக்கிறதை நான் பாத்திருக்கிறன், ஒரு மூட்டை நெல்லைக் கொட்டினாலும் பிரியாது. அந்தக் கைக்கு ஒரு தெறி தைக்க வராதோ? சும்மா கதை. முதல்ல தெறி, பிறகு பிரிஞ்ச கீழ்மடிப்பு, பிறகு பொக்கற் உள்பக்கம், இப்பிடி வெளியில தெரியாத இடமாப் பாத்துத் தொடங்குங்கோ.

முள்ளுக்கம்பியில கொழுவிக் கிழியிறதுதான் எனக்குக் கூட வாற வேலை, வேலி எல்லாம் இப்ப கம்பிதானே. அது நேராக் கிழியாது, ட எழுத்து மாதிரி ஒரு மூலை வைச்சுத்தான் கிழியும். இதைக் கண்டவுடன ரெண்டு விளிம்பையும் சேத்துப் பிடிச்சு சுத்திச் சுத்தித் தைச்சால் துணி சுருங்கி அந்த இடம் முடிச்சு விழுந்த மாதிரி நிக்கும். இழைதான் ஓட வேணும். அந்த உடுப்பின்ர உள்மடிப்பில இருந்தே நூல் உருவி எடுக்க முடிஞ்சால் எடுங்கோ, நிறம் அப்பிடியே பொருந்தும், தடிச்ச துணியில லேசா வரும். கிழிசலுக்குக் கீழ ஒரு பேப்பர் மட்டையை வைச்சு விளிம்புகள் தொட்டும் தொடாமலும் இருக்கிற மாதிரி நூலால லேசாப் பிடிச்சு விடுங்கோ. பிறகு கிழிசலுக்குக் குறுக்கால, ஒரு பக்கம் அரை இஞ்சி தள்ளித் தொடங்கி மற்றப் பக்கம் அரை இஞ்சி தாண்டும் வரைக்கும் சின்னச் சின்னதா ஓடுதையல், திரும்பி வரேக்க முதல் வரியில மேல வந்த இடத்தில இது கீழ போகவேணும். ஒவ்வொருக்காவும் திரும்பிற இடத்தில நூலை இறுக்காம ஒரு குண்டூசித் தலையளவுக்குத் தளர்வா விடுங்கோ, தோய்க்கேக்க நூல் சுருங்கினால் துணியைப் பிடிச்சு இழுக்காது. அந்த ட வின்ர மூலைதான் பெலவீனம், அதில நெடுக்காலயும் குறுக்காலயும் ரெண்டு முறை ஓடவேணும். முடிஞ்ச பிறகு புறப்பக்கமா ஈரத்துணி போட்டு மினுக்கினால் பூப்போட்ட துணியில தேடித்தான் கண்டுபிடிக்கவேணும். வெள்ளைச் சேட்டில தெரியும், பொய் சொல்லக்கூடாது.

ஓட்டை விழுந்த இடத்துக்கு ஒட்டுப்போட வேணும். பழைய துணிக்குப் பழைய துணிதான் ஒட்டு. கடையில வாங்கின புதுத்துண்டை அப்பிடியே வைச்சுத் தைச்சால் முதல் தோய்ச்சலில அது சுருங்கி சுத்தியுள்ள பழைய துணியை இழுத்துக் கிழிச்சுப்போடும், வேற வழியில்லாம புதுசு போடுறதெண்டால் தோய்ச்சுக் காயவைச்சு மினுக்கிப்போட்டு வெட்டுங்கோ. ஒட்டின்ர இழை ஓடுற திசையும் உடுப்பின்ர இழை ஓடுற திசையும் ஒண்டா இருக்கவேணும். ஓட்டையளவுக்கு வெட்டாதீங்கோ, மெலிஞ்ச இடத்தைத் தாண்டி நல்ல துணியில போய்ப் பிடிக்கிற அளவுக்கு வெட்டுங்கோ, மூலையளை வட்டமா வெட்டினால் தூக்கிக்கொண்டு நிக்காது. ஜீன்ஸில தொடை இடுக்கில போறதுக்கு, உதவாத வேற ஜீன்ஸின்ர கால்பக்கத் துண்டை உள்ளால வைச்சு மிசினில முன்னுக்கும் பின்னுக்கும் நெருக்கமா ஓடினால் நல்லாத் தாங்கும். பெரிய ஓட்டையாப் போகமுதல், நூல் நூலாத் தெரியத் தொடங்கேக்கயே கொண்டு வாங்கோ எண்டு நான் சொல்லாத நாளில்லை, ஒருத்தரும் கேக்கிறேல்லை.

ரெண்டு பழைய வித்தை சொல்லுறன், இப்ப செய்யிற ஆக்கள் குறைவு. சேட் கொலர் மடிப்பில தேஞ்சு கிழிஞ்சால் கொலரை மட்டும் கழுத்தைச் சுத்தி நிக்கிற பட்டியில இருந்து பிரிச்சு எடுத்து, புரட்டி, தேஞ்ச பக்கம் கீழ போற மாதிரித் திரும்பப் பட்டிக்குள்ள வைச்சுத் தைச்சால் புதுச்சேட்தான். பிரிக்க முதல் நடுவை சோக்கால அடையாளம் போடுங்கோ, இல்லாட்டிக் கொலர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிக்கும். மற்றது படுக்கை விரிப்பு. நடுவில மெலிஞ்சு கிழியிற நேரத்தில கரையள் ரெண்டும் நல்லாத்தான் இருக்கும். நீளப்பாட்டுக்கு நடுவால வெட்டி, கரை ரெண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து பொருத்தி, வெட்டின மெலிஞ்ச பக்கங்களை ஓரத்தில மடிச்சுத் தைச்சுவிடுங்கோ. நடுவில ஒரு பொருத்து இருக்கும், படுக்கேக்க ஒண்டும் செய்யாது.

இப்ப மாத்தித் தைக்கிறது. வன்னியில இதுக்குத் துணி பாதி வெளிநாட்டுப் பொதியிலதான் வருது. கனடாவில இருந்தும் பிரான்சில இருந்தும் மாமி, சித்தி எண்டு ஆராவது போட்டு அனுப்புவினம், அன்பாத்தான் அனுப்பினம், ஆனா கிளிநொச்சி வெயிலுக்கு குளிர் ஜக்கெற்றை வைச்சு என்ன செய்யிறது சொல்லுங்கோ. நான் ஜக்கெற்றின்ர உள்துணியையும் சிப்பையும் தெறியையும் கழட்டி எடுப்பன், நல்ல நீளச் சிப், மெத்தை உறைக்குப் போடலாம். பெரிய சைஸ் ஜீன்ஸிலயும் கோட்டன் சேட்டிலயும்தான் சாமான் இருக்கு. பெரிய சேட்டின்ர முதுகுப்பக்கம் ஒரு மூண்டு வயசுப் பிள்ளைக்குச் சட்டையின்ர முன்பக்கத்துக்குக் காணும். சேட்டின்ர தெறிப்பட்டியை அப்பிடியே பிள்ளையின்ர சட்டைக்கு முதுகுப்பக்கமா வர வைச்சு வெட்டினால் தெறி ஓட்டை போடுற வேலையும் மிச்சம். பெரிசைச் சின்னனாக்கலாம், சின்னனைப் பெரிசாக்கிறதுதான் கஸ்ரம், இதை மறந்துபோட்டு இறுகின பிளவுஸைக் கொண்டுவந்து விரிச்சுத்தாங்கோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு நான் முதல்ல உள்மடிப்பைத் திருப்பிக் காட்டுவன். மடிப்பில துணி விட்டிருந்தால்தான் விரிக்கலாம், இல்லாட்டிக் கக்கத்துக்குள்ள ஒரு துண்டு வைச்சுத்தான் தைக்கவேணும்.

என்ன துணி எண்டு தெரியாட்டி உள்மடிப்பில இருந்து ஒரு நூல் உருவி ஒரு கோப்பைக்கு மேல பிடிச்சு நெருப்புக் காட்டுங்கோ. பேப்பர் எரியிற மணமும் மெதுவான சாம்பலும் எண்டால் நூல்துணி. உருகிக் கறுத்து மணி மாதிரி இறுகினால் பொலியெஸ்ரர், நைலோன் வகை. தலைமயிர் கருகிற மணம் வந்தால் பட்டு இல்லாட்டிக் கம்பளி. உருகிற துணியில அடுப்படிப் பிடிதுணி தைக்காதீங்கோ, சூட்டுச் சட்டியோட கையில ஒட்டிப்பிடிக்கும். நைலெக்ஸ் சீலையில பிள்ளையளுக்குச் சட்டை தைக்கிறதும் எனக்கு விருப்பமில்லை, வேர்வையும் உறிஞ்சாது.

நூல்சீலை எண்டால் அவசரப்பட்டு வெட்டிப்போடாதீங்கோ, வீட்டில ஆராவது பிள்ளை பெற இருந்தால் ஏணைக்கு அதுதான் வேணும், தோய்ச்சுத் தோய்ச்சு மெத்தெண்டு வந்த சீலைக்கு ஈடா ஒண்டும் இல்லை. ஆனா ஏணை கட்ட முதலும் அந்த வெயிலுக்குப் பிடிக்கிற சோதனை, இழுத்துப் பாக்கிற சோதனை ரெண்டும் முழு நீளத்துக்கும் செய்யுங்கோ, பிள்ளையின்ர பாரம் தாங்க வேண்டிய துணி.

பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு ஒரு கதை. இலவசச் சீருடைத் துணி 1993 இல இருந்து குடுபடுது, அதைத் தைக்கக் கொண்டு வரேக்கயே தாய்மாருக்குச் சொல்லுறது, வளருற பிள்ளை, கீழ்மடிப்பை நல்ல அகலமா விடுவம், இடுப்புக்கு உள்ளயும் ஒரு மடிப்பு மறைச்சு வைப்பம் எண்டு. அடுத்த வருசம் பிரிச்சு இறக்கினால் சரி. இறக்கின பிறகு பழைய மடிப்பிருந்த கோடு ஊத்தையாத் தெரியும். பிரிச்ச உடன மினுக்காம முதல்ல சவுக்காரத்தில ஊறப்போட்டுத் தோய்ச்சு, தேசிக்காய்ப் புளி தேய்ச்சு வெயிலில காயவிடுங்கோ, மினுக்கினால் அந்த ஊத்தை சூட்டில இறுகிப்போகும். அப்பவும் போகாட்டி அந்தக் கோட்டிலயே சின்ன மடிப்பொண்டு எடுத்துத் தைச்சுவிடுறது, அழகுக்கு வைச்ச மாதிரி இருக்கும். 2022 இல சாமான் விலை ஏறின நேரம் இந்த மடிப்பு இறக்கிற வேலை எனக்கு வந்த மாதிரி அதுக்கு முதல் வந்ததில்லை.

அப்ப காசுக் கணக்கு? உங்கட நேரத்துக்கும் கூலி போட்டுப் பாத்தால் ஒரு மலிவு ரீசேட்டைத் திருத்திறது நட்டம். அதைத் துடைக்க வெட்டுங்கோ. நல்ல நூல்துணி, ஜீன்ஸ், சீருடை, சீலை, இதுகளில மினக்கெட்டால் மிச்சம் பிடிக்கலாம். அதோட பிடிச்ச உடுப்பு எண்டு ஒண்டு இருக்குத்தானே, அப்பாவின்ர சாரம், செத்துப்போன ஆச்சியின்ர சீலை, அதுக்கெல்லாம் கணக்குப் பாக்கேலாது, நானும் அதுக்குக் காசு வாங்கிறேல்லை.

மிசின் வாங்கிறதெண்டால் புது இலெக்றிக் மிசினுக்கு ஓடாதீங்கோ, பழைய கறுப்புக் கால் மிசின் ஒண்டு கிடைச்சால் எடுங்கோ, நேர்த்தையல் மட்டும்தான் போடும், ஆனா ஜீன்ஸுக்கும் சளைக்காது, கரண்ட் போனாலும் ஓடும். எங்கட வீட்டு மிசின் இடம்பெயரேக்க ஸ்ராண்டை விட்டிட்டுத் தலையை மட்டும் கழட்டி உழவு மிசின் பெட்டியில ஏத்திக்கொண்டு போனது, இப்பவும் அதிலதான் தைக்கிறன். வாங்கப் போகேக்க சும்மா சில்லைச் சுத்திப் பாத்திட்டு வராம ரெண்டு மடிப்பு ஜீன்ஸும் ஒரு மெல்லிய பிளவுஸ் துண்டும் கொண்டுபோய் ரெண்டையும் தைச்சுப் பாருங்கோ, துணியின்ர கீழ்ப்பக்கம் நூல் வளையம் வளையமா நிண்டால் முதல்ல மேல்நூல் கோத்த விதத்தையும் இறுக்கத்தையும் பாருங்கோ, அதுக்காக மிசினை வேண்டாம் எண்டு விட்டிட்டு வராதீங்கோ. ஊசி நம்பர் மெல்லிய துணிக்கு 11, சாதாரணத்துக்கு 14, ஜீன்ஸுக்கு 16. இழுபடுற ரீசேட் துணிக்கு முனை உருண்ட ஊசி எண்டு தனியா இருக்கு, சாதாரண ஊசியில தையல் விட்டுவிட்டுப் போகும். மிசினுக்குத் தேங்காயெண்ணெய் விடவே விடாதீங்கோ, கொஞ்ச நாளில பிசின் மாதிரி இறுகிச் சில்லைச் சுத்தவிடாது, மிசின் எண்ணெய் தனியா விக்கினம். பொபின் கேஸ், அதுதான் கீழ்நூல் சுத்தின பொபினைப் போடுற கூடு, வாங்கப் போகேக்க பழசைக் கையோட கொண்டுபோங்கோ, ரெண்டு மூண்டு வகை இருக்கு, பாக்க ஒண்டு போலத்தான் இருக்கும், வீட்ட வந்து போட்டால்தான் பொருந்தாதது தெரியும்.