அக்கிக் காய் சர்க்கரையைக் குறைக்குமா?

கேள்வி: பெனின் நாட்டின் பராகூ நகரில் கணவருக்கு முந்திரி ஆலையில் வேலை. நானும் ஆறு வயது மகளும் அண்மையில்தான் வந்து சேர்ந்தோம். முற்றத்தில் ஓர் அக்கி மரம். பக்கத்து வீட்டார் அதன் பழத்தை வறுத்துத் தருகிறார்கள்; முட்டைப்பொரியல் போல ருசிக்கிறது. காய் சர்க்கரையைக் குறைக்குமாமே, தின்னலாமா என்று நீரிழிவு மாத்திரை சாப்பிடும் கணவர் கேட்கிறார்.
- வாசகி, பெனின்

பதில்: தோலில் கொப்புளம் போடும் அக்கியைப் பற்றிய கடிதம் என்றுதான் பிரித்தேன்! இந்த அக்கி மேற்கு ஆப்பிரிக்கக் காட்டு மரம். நம் பூந்திக்கொட்டை, முடக்கத்தான், லிச்சி எல்லாம் இதன் குடும்பமே. பூந்திக்கொட்டையைப் போலவே நுரைப்பதால், பச்சைக் காயைத் துணி துவைக்கவும் பயன்படுத்துவார்கள்.

கணவர் கேள்விப்பட்டது உண்மை. அதனால்தான் தின்ன வேண்டாம் என்கிறேன். காயில் ஹைப்போகிளைசின் என்ற நஞ்சு இருக்கிறது. வயிறு காலியாக இருக்கும்போது உடல் கொழுப்பை எரித்து, அந்தச் சக்தியைக் கொண்டு ஈரல் புதிதாகச் சர்க்கரை செய்கிறது. இந்த நஞ்சு கொழுப்பை எரியவிடாது. ஈரல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை தீர்ந்ததும் ரத்தச் சர்க்கரை கிடுகிடுவெனச் சரியும். வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு வரும். பெனினுக்கு வடக்கே பர்கினா ஃபாசோவில் 1998இல் 2 முதல் 6 வயதுக்குட்பட்ட 29 குழந்தைகள் இப்படி இறந்தார்கள். பீகாரின் முசாபர்பூரில் இரவுச் சாப்பாடு இல்லாமல் லிச்சி தின்ற குழந்தைகளைச் சாய்த்ததிலும் இதே நஞ்சுக்குப் பங்கு உண்டு.

பழத்தை நீங்கள் பிளக்கக் கூடாது. மரத்திலேயே அது வாய் திறக்க வேண்டும். சிவந்த தோல் விரிந்து, பளபளக்கும் கருங்கொட்டைகள் தெரியும். கொட்டையைத் தாங்கி நிற்கும் வெண்ணெய் நிறச் சதைதான் உணவு. அதன் மடிப்பிலுள்ள சிவப்பு நாரைக் கிள்ளி எறியுங்கள். கொட்டை எப்போதுமே நஞ்சு. சதையை வேகவைத்து, நீரைக் கொட்டிவிட்டு வறுங்கள். காயை வேகவைத்தால் மட்டும் நஞ்சு போய்விடாது.

பழுத்த சதையில் கொழுப்பே அதிகம், இனிப்பு குறைவு; கணவர் சாப்பாட்டோடு அளவாகச் சாப்பிடலாம். மாத்திரையை நிறுத்த வேண்டாம். மகளுக்கு, வாய் திறந்ததை நீங்களே கண்ணால் பார்த்த பழத்தில் மட்டும், வயிறு நிறைந்தபின் ஒன்றிரண்டு துண்டு போதும். உதிர்ந்த காயைப் பொறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்துச் சோர்ந்தால், நினைவோடு இருக்கும்வரை சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தபடியே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கண் சொக்கினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அக்கி தின்றதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடனே குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.