கம்பி மத்தாப்பில் பொறி பறப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: மத்தாப்புக் கம்பியின் மேல் சாம்பல் நிறத்தில் பூசியிருப்பது என்ன? கம்பியும் சேர்ந்து எரிகிறதா?

பதில்: கம்பி எரிவதில்லை, மருந்தைத் தாங்குவது மட்டுமே அதன் வேலை. சூடேறினால் ஆக்சிஜனை வெளிவிடும் உப்பு (பெரும்பாலும் பேரியம் நைட்ரேட்), கடும் வெப்பம் தரும் அலுமினியத் தூள், பொறியாகப் பறக்க வேண்டிய இரும்புத் தூள், இவை உதிராமல் பிடித்துவைக்கும் மாவுப் பசை ஆகியவற்றை நீர் விட்டுக் குழைத்து, அந்தக் குழம்பில் கம்பிகளை முக்கி எடுத்து உலர்த்துகிறார்கள். ஈரத்தில் அலுமினியம் வினைபுரிந்து தானாகவே சூடேறிவிடக்கூடும் என்பதால், அதைத் தடுக்கச் சிறிது போரிக் அமிலம் சேர்ப்பதும் உண்டு.

கேள்வி: ஆக்சிஜனும் எரிபொருளும் ஒன்றாகவே இருந்தும் அது ஏன் வெடிப்பதில்லை?

பதில்: மருந்து எதற்குள்ளும் அடைபட்டிருக்கவில்லை, உண்டாகும் வாயு தடையின்றி வெளியேறிவிடுகிறது. துகள்களும் சற்றுப் பருமனானவை என்பதால், எரியும் அடுக்கு தன் கீழுள்ள அடுக்கைச் சூடாக்கிப் பற்றவைத்தபடி மெல்ல இறங்குகிறது. பல கம்பிகளைச் சேர்த்துக் கட்டிக் கொளுத்தினால் இந்த நிதானம் போய்விடும். ஒன்றின் வெப்பம் மற்றவற்றையும் ஒரே நேரத்தில் பற்றவைத்துப் பெரும் தீயாகப் பொங்கும், வெடிக்கவும் கூடும். அதை யாரும் முயலவே கூடாது.

கேள்வி: சில பொறிகள் நடுவழியில் நட்சத்திரம் போலக் கிளை விடுகின்றனவே, அது எப்படி?

பதில்: மத்தாப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அங்கே உண்மையில் இரண்டு தீக்கள் உள்ளன. கம்பியில் எரியும் தீ மருந்திலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு எரிகிறது. அதிலிருந்து தெறிக்கும் இரும்புத் துகளோ, பறக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு தானே எரிகிறது. துகள் உருகித் துளியாகிவிட, இரும்போடு கலந்திருக்கும் சிறிதளவு கார்பனும் ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாக மாறுகிறது. துளிக்குள் சிக்கிய அந்த வாயு வழி தேடி உப்பி, துளியையே சிதறடிக்கிறது. ஒவ்வொரு சிதறலும் தனித்தனிப் பொறியாகிறது. கார்பன் ஏறக்குறைய இல்லாத தூய இரும்பின் பொறி கிளைக்காமல் ஒரே கோடாகப் பறந்து அணையும். சாணைக்கல்லில் இரும்பைத் தீட்டுபவர்கள் பொறியின் கிளைகளைப் பார்த்தே அது எந்த வகை எஃகு என்று ஊகிப்பதும் இதனால்தான். பொறி விழுந்து ஆறிய இடத்தில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள்: கடுகைவிடப் பன்மடங்கு சிறிய கருமணிகள் ஒட்டிக்கொண்டு வரும். அவை எரிந்து முடிந்த இரும்பு ஆக்சைடு.

கேள்வி: ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு என்கிறார்கள். ஆனால் பொறி கையில் பட்டால் சுருக்கென்றுகூடத் தெரிவதில்லையே?

பதில்: வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. தூசி போன்ற துகளின் நிறை மிகச் சொற்பம். தோலைச் சுடும் அளவுக்கு அதனிடம் வெப்பம் இருப்பதில்லை. ஆனால் கண்ணுக்கும் மெல்லிய துணிக்கும் அதுவே போதும். ஆபத்து பொறியைவிடக் கம்பியில்தான் அதிகம்: ஒளி அணைந்து, கறுத்து, ஒன்றும் இல்லாததுபோல் தோன்றும் கம்பி தோலைப் பொசுக்கிவிடும். அதைத் தரையில் போடாமல் வாளித் தண்ணீரில் போட வேண்டும்.

கேள்வி: சிவப்பு, பச்சை நிறங்கள் எதனால்?

பதில்: சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு, பச்சைக்கு பேரியம் உப்பு. இவை சுடருக்கு நிறம் தருபவை. பொறியின் நிறம் உலோகத்தைப் பொறுத்தது. இரும்பு பொன்னிறமாகவும், டைட்டேனியம் வெண்மையாகவும் பொறியும்.

கேள்வி: நமுத்துப்போன மத்தாப்பை வெயிலில் காயவைத்தால் பழையபடி எரியுமா, ஐயா?

பதில்: ஈரம் போய்விடும் என்பதால் தீப்பற்றக்கூடும், பொறிதான் குறையும். ஈரத்தில் இரும்புத் தூள் துருப்பிடித்திருக்கும். துரு என்பது ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட இரும்பு. அந்தத் துகள் எரிய வேண்டியதை உறைக்குள்ளேயே சத்தமின்றி எரிந்து முடித்துவிட்டது.