பரணில் கிடந்த வால்வ் ரேடியோ – கடிதம்

அன்புள்ள ஐயா,

தாத்தாவின் பிலிப்ஸ் வால்வ் ரேடியோ முப்பது வருடமாகப் பரணில் கிடந்தது. இறக்கிப் பார்த்தேன். உள்ளே எலி கூடு கட்டியிருக்கிறது, டயல் நூல் அறுந்துவிட்டது. இங்கே மெக்கானிக், "உள்ளே இருப்பதைக் கழற்றிப் போட்டுவிட்டு ப்ளூடூத் போர்டு வைத்துத் தருகிறேன்" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. ஒரு தடவை கரண்ட் கொடுத்துப் பார்க்கட்டுமா?

வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

கரண்ட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அப்பாவின் செட்டுக்கு நான் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். இரண்டு நிமிடம் பாடியது. பிறகு ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வான இ.எல். 84-இன் உள்ளே இருக்கும் பிளேட் என்ற உலோகத் தகடு செக்கச்செவேலென்று சிவந்தது. நான் எழுந்து ஸ்விட்சை அணைப்பதற்குள் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. மெழுகு உருகிய அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஒரே ஒரு கண்டன்சர் செய்த வேலை. முந்தைய வால்விலிருந்து பாட்டை மட்டும் விட்டு டி.சி.யைத் தடுக்க வேண்டிய 0.01 மைக்ரோஃபாரட் பேப்பர் கண்டன்சர் அது. ஈரம் குடித்து லீக் ஆனால் அடுத்த வால்வின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குப் பாசிட்டிவ் வோல்டேஜ் போய்விடும். அப்புறம் அந்த வால்வுக்குக் கடிவாளமே கிடையாது.

பழைய செட்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படிச் சில ரூபாய்ச் சாமான்கள்தான். பேப்பர் கண்டன்சர்கள் அத்தனையையும் 630 வோல்ட் பாலியெஸ்டராக மாற்றுங்கள். ஃபில்டர் கண்டன்சரையும் மாற்றுங்கள், ஆனால் அது எலக்ட்ரோலிட்டிக் வகை, அதற்குப் புதிய எலக்ட்ரோலிட்டிக்கே போட வேண்டும். வால்வுகளை எறியாதீர்கள், அநேகமாக நன்றாகவே இருக்கும். ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர் என்ற, நிலையத்தைப் பிரித்தெடுக்க உதவும் காயில் ஜோடிகளின் திருகுகளைத் தொடவே வேண்டாம். அந்தக் காயில்களும், ஸ்டேஷன் மாற்றத் திருப்பும் கேங் கண்டன்சரும் அந்த செட்டுக்கென்றே செய்தவை, இன்று கடையில் கேட்டால் கிடைக்காது. மெக்கானிக் கழற்றிப் போடுகிறேன் என்பது அவற்றைத்தான். கொடுக்காதீர்கள்.

எலிக்கூட்டைக் கையுறை போட்டு எடுங்கள். எலி மூத்திரம் காயில் கம்பியை அரிக்கும். மல்டிமீட்டரில் ஒவ்வொரு காயிலும் அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வுகளின் பெயர் யு.சி.எச்., யு.எல். என்று தொடங்கினால் சேசிஸ் என்ற உலோகச் சட்டத்திலேயே கரண்ட் வரும். வீட்டு லைனிலிருந்து செட்டைப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கைவைக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் 60 வாட் குண்டு பல்பை ரேடியோவுக்கு சீரீஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி, போட்டுக் கரண்ட் கொடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் எரிந்தால் எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். மங்கிவிட்டதென்றால் பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்து அரை நிமிடம் பொறுங்கள். டயலில் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸைத் தேடுங்கள்.

கண்டன்சர்களைக் கழற்றும் முன் சேசிஸின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், டயல் கப்பிகள் தெரியும்படி இன்னொன்றும். நூல் சுற்றும் வழியை வரைந்து தருகிறேன்.