டர்போ எந்த அளவு? 4ஜி63 இன்ஜினை முன்வைத்து கேள்வி பதில்

(அடிப்படை இன்ஜின்: மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷனின் (எவோ) ஒன்பதாவது பதிப்பு வரை வந்த 4ஜி63. 1997 சிசி, நான்கு சிலிண்டர். பெட்ரோல் மட்டும்.)

கேள்வி: அண்ணா, 4ஜி63-ல 350 குதிரைத்திறன் வேணும். பூஸ்ட் 1.5 பார் வைக்கலாம்னு இருக்கேன். எந்த டர்போ போடலாம்?

பூஸ்டை (வெளியழுத்தத்துக்கு மேல் டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) முதலில் முடிவு செய்துவிட்டு டர்போவைத் தேடக் கூடாது. காற்றின் நிறைதான் முதல் கணக்கு, பூஸ்ட் அதிலிருந்து வரும் விடை.

ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 250 கிராம் பெட்ரோல் என்று வையுங்கள். 350-க்கு 87.5 கிலோ. முழு த்ராட்டிலில் காற்று எரிபொருள் விகிதம் 11.8. பெருக்கினால் மணிக்கு 1,032 கிலோ, அதாவது நிமிடத்துக்கு 17.2 கிலோ காற்று. கம்ப்ரசர் (டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி) எந்த ஓட்டத்தில், எந்த அழுத்தத்தில் எவ்வளவு திறமையாக ஓடும் என்று காட்டும் வரைபடங்கள், அதாவது மேப்கள், பெரும்பாலும் பவுண்டில் இருக்கும்: நிமிடத்துக்கு 38 பவுண்ட்.

அடுத்து, அந்தக் காற்றை விழுங்க இன்ஜினுக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும்? 7000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3500 தடவை 1.997 லிட்டர் உள்ளே போகிறது. வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி (சிலிண்டர் உண்மையில் எவ்வளவு நிரம்புகிறது என்பது) 95 சதவீதம் என்றால் 6.64 கன மீட்டர். அதில் 17.2 கிலோ அடங்க வேண்டுமானால் அடர்த்தி கன மீட்டருக்கு 2.59 கிலோ. இன்டேக் மேனிஃபோல்டில் (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்) 55 டிகிரி வெப்பம் இருந்தால் இதற்குத் தேவை 2.44 பார், வெற்றிடத்திலிருந்து அளந்தது. கேஜில் 1.43 காட்டும்.

இத்தோடு நிறுத்திவிட்டு டர்போ வாங்குகிறவர்கள்தான் அதிகம். இன்டர்கூலரிலும் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) பைப்பிலும் 0.14 பார் போகும். ஆகவே கம்ப்ரசர் வெளியே தள்ள வேண்டியது 2.58. ஏர் ஃபில்டரின் இழுவையால் கம்ப்ரசர் வாயில் இருப்பது 1.01 அல்ல, 0.96. வகுத்தால் பிரஷர் ரேஷியோ (வெளியே தள்ளும் அழுத்தம், உள்ளே வரும் அழுத்தத்தைப் போல எத்தனை மடங்கு) 2.7.

38 பவுண்ட், 2.7 என்ற புள்ளியை மேப்பில் குறியுங்கள். எஃபிஷியன்சி 70 சதவீதத்துக்கு மேல் என்று வட்டமிட்ட தீவுக்குள் விழ வேண்டும். பிறகு இரண்டாவது புள்ளி. 3500 ஆர்பிஎம்மிலேயே முழு பூஸ்ட் வேண்டுமென்றால் அங்கே ஓட்டம் 18 பவுண்ட்தான், ரேஷியோ அதே 2.7. இது சர்ஜ் கோட்டுக்கு (காற்று பின்னோக்கித் திமிறத் தொடங்கும் எல்லை) இடப்பக்கம் போனால் அந்த கம்ப்ரசர் உங்களுக்குப் பெரிது, எத்தனை பேர் சிபாரிசு செய்தாலும் சரி. கேரட் ஜி25-550 இந்த வேலைக்குப் பொருந்தும். ஜி25-660-உம் முடியும், நாளைக்கு 450 ஆக்கும் எண்ணம் இல்லாவிட்டால் எதற்கு?

கேள்வி: டர்பைன் ஹவுசிங் ஏ/ஆர் எவ்வளவு எடுக்கணும் சார்?

ஏ/ஆர் என்பது டர்பைனின் (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று கம்ப்ரசரை ஓட்டும் சக்கரம்) கூட்டில் புகை போகும் வழி எவ்வளவு பெரிது என்று சொல்லும் எண். ஜி25-க்கு 0.49, 0.72, 0.92 என்று மூன்று கிடைக்கின்றன. 2 லிட்டரில் 7000 வரை சுற்றுகிற தெரு வண்டிக்கு 0.72. 0.49 கீழே சீக்கிரம் எழும், மேலே இன்ஜினின் கழுத்தை நெரிக்கும்.

நெரிக்கிறதா என்று ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், டர்பைனுக்குச் சற்று முன்னால், ஒரு பங் (குழாயைத் திருகி மாட்டும் வளையம்) வெல்டு செய்து, ஸ்டீல் குழாயைச் சுருட்டி அரை மீட்டராவது இழுத்து கேஜில் மாட்டுங்கள். சுருள் இல்லாமல் நேராக ரப்பர் ஹோஸ் போட்டால் உருகிவிடும். உச்ச ஆர்பிஎம்மில் எக்ஸாஸ்ட் அழுத்தம் பூஸ்டைப் போல ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் நல்லது. இரண்டு மடங்கைத் தொட்டால் எரிந்த புகை சிலிண்டரிலேயே தங்கும், நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) வரும், ட்யூனர் இக்னிஷனைப் பின்னுக்கு இழுப்பார், எக்ஸாஸ்ட் இன்னும் சூடேறும்.

கேள்வி: ஒரு சந்தேகம். 1.4 பார் என்றால் எந்த டர்போவிலும் 1.4 பார்தானே? இன்ஜினுக்கு டர்போவின் பெயர் தெரியவா போகிறது? பிறகு ஏன் பெரிய டர்போவில் பவர் கூடுகிறது?

நல்ல கேள்வி. இன்டேக் மேனிஃபோல்டில் வெப்பமும் எக்ஸாஸ்டில் எதிரழுத்தமும் இரண்டு டர்போவிலும் ஒன்றாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

35 டிகிரி வெயிலில், ரேஷியோ 2.7-இல், 72 சதவீத எஃபிஷியன்சியில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து காற்று சுமார் 174 டிகிரியில் வெளியேறும். சின்ன கம்ப்ரசர் மேப்பின் வலது ஓரத்தில் 60 சதவீதத்தில் திணறினால் 202 டிகிரி.

அதே நபர்: பெரிய இன்டர்கூலர் போட்டால் அந்த 28 டிகிரி போய்விடுமே!

பெரும்பகுதி போய்விடும், ஒப்புக்கொள்கிறேன். 85 சதவீத இன்டர்கூலருக்குப் பிறகு மிஞ்சுவது நான்கைந்து டிகிரி. அடர்த்தியில் ஒன்றரை சதவீதம்கூட இல்லை.

இன்னொருவர்: அப்போ அவர் சொன்னதுதானே சரி ப்ரோ?

பாதி சரி. கம்ப்ரசர் 60 சதவீதத்தில் ஓடினால் அதே காற்றைத் தள்ள 20 சதவீதம் அதிக உழைப்பு தேவை. அந்த உழைப்பைக் கொடுப்பது டர்பைன். டர்பைன் அதை எடுப்பது எக்ஸாஸ்ட் அழுத்தத்திலிருந்து. இன்டர்கூலரால் இதைத் தொடவே முடியாது. எதிரழுத்தம் ஏறினால் 95 என்று நாம் போட்ட வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி இறங்கும். கேஜில் அதே 1.43 நிற்கும், உள்ளே போகும் காற்று குறையும். பிஸ்டனும் புகையை வெளியே தள்ள அதிகம் உழைக்கும்.

அதே நபர்: அப்படியானால் கம்ப்ரசரை மாற்றாமல் டர்பைனை மட்டும் பெரிதாக்கினாலே போதுமே.

கம்ப்ரசர் ஏற்கெனவே நல்ல தீவில் ஓடினால், ஆமாம், பலருக்கு அதுவே போதும். நீங்கள் விவாதத்தில் ஜெயிக்கவில்லை, ஆனால் இந்த வரி சரியான வரி. கம்ப்ரசர் சோக் ஓரத்தில் (மேப்பின் வலது விளிம்பு, அதற்கு மேல் காற்று போகாது) இருந்தால் மட்டும் இது பலிக்காது.

கேள்வி: என்கிட்ட எவோ இல்ல. போலோ 1.0 டிஎஸ்ஐ. ஜி25 போடலாமா?

வேண்டாம் தம்பி. 999 சிசி, மூன்று சிலிண்டர்; எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. மாட்டவே தனி அடாப்டர் செய்ய வேண்டும், மாட்டினாலும் ரெட்லைன் பக்கம்தான் எழும்.

கேள்வி: டீசலுக்கு இதே கணக்கா?

இல்லை. டீசலில் விகிதம் 18-க்குக் கீழே போனாலே கரும்புகை. அதற்குத் தனி அமர்வு வேண்டும்.

கேள்வி: பெங்களூரில் டைனோ (பவர் அளக்கும் கருவி) போட்டால் கணக்கு மாறுமா? ஊட்டிக்கும் போவேன்.

மாறும், பலர் இதை மறக்கிறார்கள். பெங்களூரில் வெளியழுத்தம் சுமார் 0.91 பார். ஃபில்டர் இழுவை போக 0.86. அதே 2.58 வேண்டுமென்றால் ரேஷியோ 3.0. ஊட்டியில் வெளியே 0.77 தான், ரேஷியோ 3.6-ஐத் தொடும். இசியு (இன்ஜினின் கம்ப்யூட்டர்) இன்டேக் மேனிஃபோல்டின் முழு அழுத்தத்தைப் பார்த்து பூஸ்டைப் பிடித்தால், மலையில் டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றும். மேப்பில் சுழற்சி வேகக் கோடுகள் இருக்கும். கடைசிக் கோட்டைத் தாண்டவிடாதீர்கள். உயரத்துக்கு ஏற்ப பூஸ்டைக் குறைக்கும் டேபிளை ட்யூனரிடம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய உலக ராலி கார்கள் 2 லிட்டரில் 300 குதிரைத்திறன்தான் என்கிறார்களே, நிஜமா?

விதிப்படி 2010 வரை கம்ப்ரசர் வாயில் 34 மிமீ ரெஸ்ட்ரிக்டர் இருந்தது. அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் எந்த டர்போவாலும் இழுக்க முடியாது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு சுமார் 13 கிலோ, 28 அல்லது 29 பவுண்ட். ஒரு பவுண்டுக்குப் பத்து குதிரைத்திறன் என்றால் 300 பக்கம் வருகிறதா? அதனால்தான் அவர்கள் உச்ச பவரை விட்டு, கீழ் ஆர்பிஎம்மில் பூஸ்டை ஏற்றி டார்க்கைத் தேடினார்கள். நம் தெரு வண்டிக்கு அந்த டர்போவை நகலெடுக்க வேண்டாம்.

கேள்வி: ஆன்லைன்ல பாதி விலைக்கு ஒரு டர்போ இருக்கு, நல்லாருக்குமா?

மேப் இருக்கிறதா? இல்லையென்றால் மேலே போட்ட கணக்கில் ஒரு வரியும் உதவாது. வேண்டாம்.

கேள்வி: 350-க்கு எந்த டர்போ? பூஸ்ட் 1.6 ஓகேவா?

முதல் பதில். பூஸ்டைச் சொல்லாதீர்கள், காற்றைச் சொல்லுங்கள்.

கேள்வி: ப்ளோ ஆஃப் வால்வு எது நல்ல சத்தம் தரும்?

அடுத்தவர்.

கேள்வி: இ20 பெட்ரோலில் பெரிய டர்போ வேண்டுமா?

வேண்டாம். இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. காற்று ஏறக்குறைய அதேதான், எரிபொருள்தான் கூடும். ஸ்டோயிக் விகிதம் (எரிபொருள் முழுதாக எரியத் தேவையான காற்று எரிபொருள் விகிதம்) 14.7-லிருந்து சுமார் 13.5-க்கு இறங்குவதால் 9 சதவீதம் அதிகம் ஊற்ற வேண்டும். 350-க்கு, 85 சதவீத டியூட்டியில் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம்), எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு நிமிடத்துக்கு 600 சிசி இன்ஜெக்டர் போதும், இ20-க்கு 650. கையில் 550 இருந்தால் முதலில் இன்ஜெக்டரை மாற்றுங்கள், டர்போ செலவை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

கேள்வி: சார், புது பால் பேரிங் டர்போ மாட்டியதும் புகை வருது. டர்போ போச்சா?

பெரும்பாலும் இல்லை. கழற்றும் முன் இரண்டு இடம் பாருங்கள். ஆயில் வரும் வழியில் 1 மிமீ ரெஸ்ட்ரிக்டர் இருக்கிறதா; உச்ச ஆர்பிஎம்மில் டர்போ வாயில் 40 முதல் 45 பிஎஸ்ஐ போதும். அடுத்து, ஆயில் இறங்கும் குழாய் நேர்கீழாக, சாய்ந்தாலும் 35 டிகிரிக்குள், சம்ப்பின் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இடையில் ஒரு வளைவு தொய்ந்திருந்தாலும் ஆயில் தேங்கி சீல் வழியாகக் கசியும். குழாயைச் சரிசெய்த பிறகும் இன்டர்கூலரில் தேங்கிய ஆயில் தீரும்வரை புகை வரும். அதைக் கழற்றிக் கழுவிவிட்டுப் பாருங்கள்.