இரண்டு ஆண்டில் பிளாக் பெல்ட்: கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறோம். எட்டு வயது மகனை ஒரு கராத்தே பள்ளியில் சேர்த்தோம். "இரண்டு ஆண்டில் பிளாக் பெல்ட் உறுதி" என்று சொல்லி, 24,000 ரூபாயை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். ரசீது தரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் தேர்வு, அதற்குத் தனிக் கட்டணம். சீருடையும் கையுறையும் அவர்களிடமே வாங்க வேண்டும். சிலம்பம் கோயில் திருவிழாவுக்குத்தான் லாயக்கு என்று மாஸ்டர் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். என் அப்பா சிலம்ப ஆசான். அவர் கூப்பிட்டால் பேரன் இப்போது கம்பைத் தொட மறுக்கிறான். ஆறு மாதம் ஆகிறது, நிறுத்திவிடலாம் என்றிருக்கிறோம். மீதிப் பணத்தைக் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். நடந்த ஆறு மாதத்துக்கான 6,000 ரூபாயைக் கழித்து, மீதி 18,000 ரூபாயைத் திருப்பித் தருமாறு எழுத்து மூலம் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, விளம்பரத் துண்டுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். ரசீது தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. உங்கள் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

பெல்ட் உறுதி என்ற பேச்சைத்தான் நான் பெரிய குற்றமாகப் பார்க்கிறேன். கறுப்புப் பட்டையைத் தற்காப்புக் கலைக்குக் கொண்டுவந்தவர் 1882இல் ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ. கராத்தே அதைப் பிறகுதான் எடுத்துக்கொண்டது. மாணவன் எந்த நிலைக்கு வந்திருக்கிறான் என்று காட்டத்தான் பட்டை. அவன் தேறுவானா என்பது தெரியும் முன்பே அதற்கு விலை பேசுகிறவர் பாடம் நடத்தவில்லை, வியாபாரம் செய்கிறார். கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவில், சியோலில் உள்ள அதன் தலைமையகமான குக்கிவோன் பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 'டான்' என்ற பிளாக் பெல்ட் நிலையைத் தருவதில்லை, 'பூம்' என்ற தனித் தகுதியே தருகிறது. உங்கள் மகனுக்குப் பத்து வயதில் பிளாக் பெல்ட் உறுதி என்று எந்தத் துணிச்சலில் சொன்னார்கள்?

சிலம்பத்தைப் பழித்ததற்கு வருகிறேன். பிறருடைய சேவையைப் பற்றிப் பொய்யான தகவல் சொல்லி மட்டம்தட்டுவதையும் அதே சட்டம் நியாயமற்ற நடைமுறை என்கிறது. வகுப்பில் வாய்வார்த்தையாகச் சொன்னதை நிரூபிப்பது கடினம். ஆனாலும் கடிதத்தில் எழுதுங்கள். அந்த மாஸ்டருக்குத் தன் கலையின் வரலாறே தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம். கராத்தே பிறந்த ஜப்பானின் ஒகினாவா தீவில் அதன் கூடவே வளர்ந்தது கொபுடோ என்ற ஆயுதக் கலை. அதில் முதன்மையான ஆயுதம் ஏறக்குறைய ஆறடி நீளமுள்ள 'போ' என்ற கம்பு! சிலம்பத்தில் காலடி வரிசை பழகிய பிறகுதான் கம்பு வீச்சு கைகூடும், கராத்தேயிலும் நிற்கும் நிலை சரியாக அமையாமல் குத்து வலுப்பெறாது. கம்பின் தூரம் வேறு, கைகால் எட்டும் தூரம் வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மட்டம் என்பது அறியாமை. கொபுடோ வீடியோ ஒன்றைத் தாத்தாவும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும். மாஸ்டர் மீதுள்ள கோபத்தில் கராத்தேயைப் பற்றி வீட்டில் யாரும் இழிவாகப் பேச வேண்டாம். பையனுக்கு அது பிடித்திருந்தால் வேறு இடத்தில் தொடரட்டும்.

புதிய இடத்தில் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டர் ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் இடுப்பையும் திருத்துகிறாரா, மூத்த மாணவனிடம் விட்டுவிட்டுக் கைப்பேசியில் இருக்கிறாரா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தேர்வில் தோற்ற பிள்ளைகள் உண்டா என்று மற்ற பெற்றோரிடம் விசாரியுங்கள். ஒருவர்கூட இல்லை என்றால் அந்தத் தேர்வுக்குப் பணம் கட்டாதீர்கள். தேர்வு, சீருடை, போட்டி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். மாதாமாதம்தான் கட்டுவேன் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாத பள்ளி நமக்கு வேண்டாம்.