மிசோ சூப்பில் மாசி இருக்கும்

கேள்வி: தென்காசிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை நான், வயது 27. வெளிநாட்டவரைப் பள்ளிகளில் உதவி ஆசிரியராக எடுக்கும் ஜப்பானின் ஜெட் திட்டத்தில் தேர்வாகியிருக்கிறேன். அகிதா மாகாணத்தில் ஒரு சிற்றூர் கிடைத்திருக்கிறது. ஜூலைக் கடைசியில் விமானம். அந்த ஊரில் வேறு இந்தியர் யாரும் இல்லையாம். முட்டை சாப்பிடுவேன், மீன், கறி தொடமாட்டேன். பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. எதை எடுத்துப் போவது, எதற்குத் தயாராவது?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: வகுப்பறையைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை, அதில் தப்பில்லை. அங்கே ஜப்பானிய ஆசிரியர் உங்களோடு கூடவே நிற்பார். மதிப்பெண்ணும் கண்டிப்பும் அவர் பாடு. உங்களைத் திணறடிக்கப்போவது மதியச் சாப்பாடும் ஜனவரி மாதமும்தான்.

சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம். பள்ளியில் தரும் மதிய உணவுக்குக் ‘கியூஷொகு’ என்று பெயர். வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்ட பிள்ளைகளே பரிமாறுவார்கள். ஆசிரியர்களும் வகுப்பிலேயே உட்கார்ந்து அதையே சாப்பிடுவார்கள். “இதில் மீன் இருக்கிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்பார்கள். பொய் சொல்லவில்லை, துண்டு மீன் இல்லை, அவ்வளவுதான். மிசோ சூப், வேகவைத்த காய், நூடுல்ஸ் சாறு என்று எல்லாவற்றுக்கும் அடியில் ‘தஷி’ என்ற சாறு இருக்கும். பெரும்பாலும் அது கட்சுவோபுஷியில் இறக்கியது. நம் ஊர் மாசிக்கருவாடு எந்தச் சூரையில் செய்கிறார்களோ, அதே மீனைப் புகையூட்டிக் காயவைத்துச் சீவியது. ‘கரே ரைஸ்’ என்று பேரைக் கேட்டதும் நாக்கில் நீர் ஊறும். அந்தக் குழம்புக் கட்டியில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும்.

ஆகவே ‘நான் சைவம்’ என்று சொன்னால் போதாது. உங்களை வேலைக்கு எடுத்திருக்கும் கல்வி வாரியத்தில் உங்களுக்கென ஒரு பொறுப்பாளர் இருப்பார். இந்த வாரமே அவருக்கு மின்னஞ்சல் போடுங்கள்: மீனும் கறியும் சாப்பிடமாட்டேன், மீன் தஷியும் ஆகாது, ‘கொம்பு’ என்ற கடற்பாசியில் இறக்கிய தஷியும் ஷீடாகே காளான் தஷியும் ஆகும், முட்டையும் பாலும் ஆகும், வீட்டிலிருந்து ‘பெந்தோ’ (சாப்பாட்டு டப்பா) கொண்டுவர அனுமதி வேண்டும். அவசரம் ஏனென்றால், உணவுக்கான தலைக்கணக்கை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். மாத நடுவில் வேண்டாம் என்றால், சாப்பிடாத சாப்பாட்டுக்கும் காசு போகும். தனியாகச் சமைத்துத் தரச் சொல்லாதீர்கள். பல ஊர்களில் ஒரே சமையல் கூடம் பல பள்ளிகளுக்குப் பொங்குகிறது. ஒன்றும் சொல்லாமல் தட்டில் மிச்சம் வைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். பிள்ளைகளுக்கு மிச்சம் வைக்காதே என்று சொல்லிக்கொடுக்கும் இடம் அது.

சமையல் சாமானில் மிக்ஸியை விட்டுவிடுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்ஸி தேங்காயை முனகிக்கொண்டே பார்க்கும், அரைக்காது. குக்கரை எடுத்துப் போகலாம். ஆனால் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பா இண்டக்ஷனா என்று முதலில் கேளுங்கள். இண்டக்ஷனென்றால் சாதாரண அலுமினிய குக்கர் சூடேறாது. கடையில் பாக்கெட் போட்ட பொடிகள் போகும். பச்சைக் கறிவேப்பிலையையும் மாம்பழத்தையும் எடுத்துப் போகாதீர்கள், விமான நிலையத்திலேயே போய்விடும். மருந்தில் கவனம்: மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுபோக ‘யுன்யூ ககுனின்ஷோ’ என்ற முன்னனுமதி வேண்டும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்கு அனுமதியே இல்லை.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, இரண்டும் சேர்ந்து நீளமாக ஓடும். வெளிநாட்டவருக்கு ஜப்பான் தரும் வசிப்பு அட்டையிலும் அப்படியே வரும். வங்கியில் அதைக் கதகனா என்ற ஜப்பானிய எழுத்தில் எழுதவேண்டும். ‘செல்வி’யின் ‘வி’யை அங்கே ‘வி’ என்றும் எழுதலாம், ‘பி’ என்றும் எழுதலாம். வங்கியில் ஒன்று, சம்பளப் படிவத்தில் இன்னொன்று என்றானால் சம்பளம் திரும்பிப் போகும். முதல் நாளே ஒரு எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து, தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன 14 நாளுக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதியவேண்டும். முதல் சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிக்கவும் வீட்டு முன்பணத்துக்கும் சேர்த்து 2 முதல் 3 லட்சம் யென் கையில் இருந்தால் நிம்மதி.

இனிக் குளிர். அகிதா வீடுகளில் சூடு அறைக்கு அறைதான். மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன் ஹீட்டர் இருக்கும். பெட்ரோல் பங்கில் 18 லிட்டர் சிவப்பு கேனில் எண்ணெய் வாங்குவீர்கள். 3.2 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்கு 0.3 லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும்; ஒரு கேன் 60 மணி நேரத்துக்குள் தீரும். மணிக்கு ஒருமுறை ஜன்னலைத் திறந்து ஓரிரு நிமிடம் காற்று விடுங்கள். அறையை இறுக்கி மூடினால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது.

வெப்பநிலை மைனஸ் 4 டிகிரிக்குக் கீழே போனால் குழாய் உறையும். வீட்டில் ‘மிசுநுகி’ வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று வெயில் அடிக்கும் ஆகஸ்டிலேயே பொறுப்பாளரைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் அதை மூடிக் குழாயைத் திறந்து, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டுப் படுக்கவேண்டும். மறந்து உறைந்துபோனால் கொதிநீர் ஊற்றாதீர்கள், குழாய் வெடிக்கும். துணியைச் சுற்றி வெதுவெதுப்பான நீரை மெதுவாக ஊற்றுங்கள்.

கார் ஓட்டத் தெரியுமென்றால் கிளம்பும் முன் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். அங்கே இறங்கியதிலிருந்து அதிகபட்சம் ஓராண்டு செல்லும். அதற்குப் பிறகும் ஓட்ட ஜப்பானிய உரிமம் வேண்டும். அதற்கு, உரிமம் எடுத்தபின் இந்தியாவில் குறைந்தது 3 மாதம் இருந்ததை நிரூபிக்கவேண்டும், எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதையும் பெட்டியில் போடுங்கள். பனி டயரை நவம்பருக்குள் மாட்டுங்கள். வசந்தம் வந்ததும் கேனில் மிஞ்சிய மண்ணெண்ணெயை அடுத்த குளிருக்கென்று வைக்காதீர்கள். கெட்டுப்போன எண்ணெயில் ஹீட்டர் பற்றாது, பற்றினாலும் புகைதான் வரும்.