தீவனத்த கூட்டியும் பால் கூடலயா?

கேள்வி: ஐயா, நாலு ஏக்கர் மக்காச்சோளம், மூணு கலப்பின கறவை மாடு. கன்னு போட்டு நாலு மாசமாச்சு, 11 லிட்டர் கறந்த மாடு இப்ப 7 லிட்டர்தான். அடர் தீவனத்த (மாவு, பிண்ணாக்கு கலவை) 5 கிலோவுல இருந்து 8 கிலோ ஆக்கிட்டேன், பால் கூடல, கொழுப்பும் இறங்கிடுச்சு. டீலர் கால்சியம் டானிக் போட சொல்றாரு. எந்த கம்பெனி நல்லது?

பதில்: எந்த கம்பெனியும் வேணாம். கன்னு போட்டு ஒன்றரை, ரெண்டு மாசத்துல பால் உச்சத்துக்கு போயி அப்புறம் தானா இறங்கத்தான் செய்யும், அதனால 9 லிட்டருக்கு வந்திருந்தா நான் கண்டுக்கவே மாட்டேன். மீதி ரெண்டு லிட்டர் நீங்களே குறைச்சது. கொழுப்பு இறங்குனதுதான் சாட்சி, மாவும் பிண்ணாக்கும் அளவுக்கு மேல போயி நார் குறைஞ்சா வயிறு புளிச்சிடும், மாடு அசை போடாது, சாணி இளகி அதுல தானியம் அப்படியே கிடக்கும். போய் பாருங்க. 7 லிட்டருக்கு நாலு, நாலரை கிலோ போதும், அதையும் மூணு வேளையா பிரிச்சு, காஞ்ச சோளத்தட்டு தின்ன பிறகு வைங்க.

டானிக் விக்கிறவருக்கு மாடு என்ன தின்னுதுன்னு கவலை இல்ல, பாட்டில் காலியானா போதும். தாது உப்பு தினம் 50 கிராம் கலந்து வைங்க, அது வேலை செய்யும்.

சரி, நாலு ஏக்கர்ல மாட்டுக்குன்னு எத்தன சென்ட் விட்டிருக்கீங்க? லெட்டர்ல ஒரு வரி கூட இல்ல. நான் பாத்த வரைக்கும் மாடு வச்சிருக்கவங்கள்ல பாதி பேரு நிலத்தை பூரா விக்கிற பயிருக்கு குடுத்துட்டு, மாட்டுக்கு மூட்டையில வாங்கி போடுறாங்க. ஒரு மாட்டுக்கு நாளைக்கு 25, 30 கிலோ பசுந்தீவனம் வேணும். தண்ணி வசதி இருந்தா அரை ஏக்கர் கம்பு நேப்பியர் புல்லே மூணு மாட்டுக்கும் தாராளம், ஆனா புல்லு மட்டும் போட்டா புரதம் பத்தாது, அதுலயே ஒரு ஓரம் வேலிமசால், வரப்புல அகத்தி போடுங்க, ரெண்டும் பயறு வகைத் தீவனம், மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறு வகைன்னு கணக்கு வச்சுக்கங்க. சாணிய அந்த அரை ஏக்கருக்கே திருப்பி விடுங்க, யூரியா செலவு குறையும். மக்காச்சோளத் தட்டையும் வயல்லயே கொளுத்தாம நறுக்கி போடுங்க, நறுக்காம போட்டா பாதி காலடியில மிதிபடும்.

இன்னொன்னு, நாலு மாசமாச்சே, சினை ஊசி போட்டாச்சா? அதை கேக்காம டானிக் கேட்டா எப்படி. 21 நாளைக்கு ஒருக்கா பருவத்துக்கு வரும், காலையில கத்துனா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்துனா மறுநாள் காலையில. மூணு மாடும் கடைசியா எப்ப பருவத்துக்கு வந்துச்சுன்னு தேதி போட்டு எழுதுங்க, வரவே இல்லன்னா டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் எழுதுங்க.